மறுபடியும் மூச்சு நிற்கிறதென்றால் கிருமியைத் தேடுங்கள்

மாதம் குறைந்து பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பெங்களூருவில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவுக்கு வரும் தாய்மார்களில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் என்று தலைமுறைகளாக இந்த ஊரிலேயே இருக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம்; ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து ஆம்புலன்ஸிலும் பஸ்ஸிலும் வந்து சேர்பவர்கள் இன்னொரு பக்கம். மருத்துவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டுப் போனதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் என்னிடம் வந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு மூச்சு இடையிடையே நிற்பது வழக்கம்தான் என்று நானே எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அந்த ஆறுதல் எதுவரை செல்லும், எந்த இடத்தில் அதை விட்டுவிட்டுப் பயப்பட வேண்டும் என்பதையும் அதே அளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூச்சு விடக் கட்டளையிடும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அது இன்னும் முதிர்ந்திருக்காது. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மூச்சு இடையிடையே நிற்கும். 34, 35 வாரத்தில் பிறந்தவர்களில் சிலருக்கே நிற்கும். ஐந்து, பத்து விநாடி நிறுத்திவிட்டு மறுபடி வேகவேகமாக மூச்சு விடுவதைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதைவிடக் குறைவாக நின்றும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே இறங்கினாலோ, உடல் நீலம் பாய்ந்தாலோ அதை அப்னியா என்று எழுதிவைப்போம். உள்ளங்காலைச் சுண்டினால், முதுகைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். தினமும் காஃபீன் மருந்து கொடுப்போம். காப்பியில் இருக்கும் அதே காஃபீன்தான், குழந்தையின் எடைக்கு ஏற்ப அளந்து கொடுப்பது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியான பன்னாட்டு ஆய்வு அதன் பயனையும் பாதுகாப்பையும் உறுதிசெய்தது. முதல் வாரத்தில் தொடங்கும் இந்தத் தொல்லை நாளாக நாளாகக் குறைந்து, கருவில் இருந்த வாரங்களும் பிறந்த பிறகான வாரங்களும் சேர்ந்து 36, 37 ஆகும்போது அநேகமாக நின்றுவிடும். மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களுக்கு 43, 44 வாரம் வரைகூட இழுக்கும்.

குறைந்துகொண்டே போவதுதான் இதன் இயல்பு. குறைந்துவந்தது ஒரு நாள் திடீரென்று கூடினால், நின்றுபோனது திரும்பி வந்தால், மாதம் குறைந்து பிறந்ததைக் காரணமாகச் சொல்லி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறேன். குழந்தை 29 வாரத்தில் பிறந்தது. முதல் வாரம், மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் சிபாப் கருவியில் இருந்தது. பிறகு அது இல்லாமலே நன்றாக மூச்சு விட்டது. குழாய் வழியாகப் பால் முழு அளவுக்கு வந்துவிட்டது. மூச்சு நிற்பதும் அடங்கிவிட்டது. ஒரு மாலை நேரம், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு பராமரிப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இன்றைக்கு இவள் என்னிடம் ஒட்டவே இல்லை. ஈரத் துணியைப் போட்டது போலக் கிடக்கிறாள்" என்றார். மானிட்டரில் எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. காலைத் தொட்டுப் பார்த்தேன். வயிறு வெதுவெதுப்பாக இருக்க, பாதம் சில்லென்று இருந்தது. முந்தைய வேளைக்குக் கொடுத்த பாலில் பாதி இரைப்பையிலேயே தங்கியிருந்தது. மருத்துவரை அழைத்தேன். அவர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்தது. மூச்சு நின்று, தொட்டதும் திரும்பியது. சற்று நேரத்தில் மறுபடி நின்றது. அடுத்த முறை தொட்டும் திரும்பவில்லை. முகமூடி வைத்துப் பை மூலம் காற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது.

ரத்தத்தில் கிருமி. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு இரண்டாம் நாள் வந்தபோது, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று தெரிந்தது. ஆனால் சிகிச்சை அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு, அன்று மாலையே முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போய்விட்டது. அந்தச் சில மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது இந்தப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர் அந்தத் தாய்தான் என்று இன்றும் சொல்வேன்.

குறைமாதக் குழந்தைக்குக் கிருமி பரவினால் காய்ச்சல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் உடல் குளிர்ந்துதான் போகும். 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கியது ஏறவே மறுக்கும். தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். வயிறு உப்பும். பால் செரிக்காமல் தங்கும். கை கால் அசைவு குறையும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சில நேரம் இவை எதுவுமே இல்லாமல், மூச்சு நிற்பது மட்டும் முதல் அறிகுறியாக வந்து நிற்கும். காரணம் இருக்கிறது. கிருமியை எதிர்க்கும்போது உடல் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் போன்ற பொருள்கள் மூளைத்தண்டில் மூச்சுக்கான இடத்தை அடக்கிவிடுகின்றன. முதிர்ந்த மூளை அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் குழந்தைகளிடம் அந்தத் தெம்பு கிடையாது.

அந்தக் கிருஷ்ணகிரிக் குழந்தையின் அப்பா முதுகில் ஊசி போடச் சம்மதிக்கவில்லை. முதுகுத்தண்டில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தப் பயத்தை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். யாரும் வீம்புக்கு மறுப்பதில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் மறுக்கிறார்கள். அதனால் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. எடுப்பது சில சொட்டுகள் மட்டுமே. மூளைக் காய்ச்சல் வந்திருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்துவிடாது. ரத்தம் சுத்தமாக இருந்து, தண்டுவட நீரில் கிருமி இருந்த குழந்தைகள் உண்டு. இந்த வகைக் கிருமி ரத்தத்தோடு நின்றிருந்தால் மருந்து பத்துப் பதினான்கு நாள் போகும். மூளைச் சவ்வு வரை போயிருந்தால் குறைந்தது மூன்று வாரம் போக வேண்டும். இது தெரியாமல் பாதியில் மருந்தை நிறுத்தினால் பின்னால் வரும் இழப்பு பெரியது. இவ்வளவையும் கேட்டபின் அவர் கையெழுத்துப் போட்டார். நல்லவேளையாக நீர் தெளிவாக இருந்தது.

மூச்சு நின்றாலே கிருமிதான் என்று நான் சொல்லவரவில்லை. சர்க்கரை குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், கழுத்து மடங்கிக் கிடந்தாலும்கூட நிற்கும். கல்ச்சரில் ஒன்றும் வளராமல், குழந்தையும் தெளிந்துவிட்டால், 48 மணி நேரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதுதான் நல்ல வைத்தியம். தேவையில்லாமல் நீட்டினால் குடல் அழற்சிக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் வழி திறக்கும். "மருந்தை நிறுத்திவிட்டார்களே" என்று கலங்கும் பெற்றோருக்கு இதையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்பது வேதனையான விஷயம். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் கிடைத்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலி. இவற்றில் பெரும்பகுதி பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. ஈரமான சிங்க், கையாளும் குழாய்கள், எங்கள் கைகள், உங்கள் கைகள் வழியாகத்தான் இவை நகர்கின்றன. அதனால் கை கழுவும் விஷயத்தில் நான் யாருக்கும் தளர்வு கொடுப்பதில்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாம் வெளியே. முழங்கை வரை சோப்பு. செல்போனைத் தொட்ட கையோடு, குழந்தை இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் கை விடக் கூடாது. கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவருபவர்களிடம், பொட்டலத்தைப் பெட்டியின் வெளிப்பக்கம் தலைமாட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், நெற்றியில் பூச வேண்டாம் என்று சொல்வேன். இதுவரை யாரும் மனம் கோணியதில்லை. ஒரு செவிலியரோ மருத்துவரோ கை கழுவாமல் உங்கள் குழந்தையைத் தொட வந்தால் நீங்கள் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். கேட்டதற்காக முகம் சுளிப்பவர் இந்தப் பிரிவில் வேலை செய்யத் தகுதியில்லாதவர்.

கங்காரு பராமரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே அதைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது; கிருமித் தொற்றும் குறைந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது. நான் கண்ணால் பார்த்த பயன் இன்னொன்று: தினமும் மணிக்கணக்கில் நெஞ்சோடு வைத்திருப்பவருக்குக் குழந்தையின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. மாறுதலை அவர்தான் முதலில் சொல்கிறார்.

பிறந்த முதல் நாளிலேயே மூச்சு நிற்கத் தொடங்கினால் அதையும் தனியாகக் கவனிக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த கிருமியாக இருக்கலாம். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், தாய்க்குக் காய்ச்சல் இருந்திருந்தால், நீரில் கெட்ட வாடை வந்திருந்தால் மருத்துவர்களின் கணக்கே மாறிவிடும். தருமபுரியிலிருந்து வந்த ஒரு பெண், முந்தைய நாளே நீர் கசியத் தொடங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சிறுநீர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மூச்சு நின்ற பிறகு அவரிடம் பேசிப் பேசித்தான் அது வெளியே வந்தது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இனி வீடு. மருத்துவமனையில் இத்தனை காவலோடு வளர்த்த குழந்தை வீட்டுக்குப் போன பிறகு திரும்பி வருவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. காஃபீனை நிறுத்திய பிறகு ஏன் இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கிறீர்கள் என்று பல குடும்பங்கள் கேட்கும். பில் ஏறுகிறதே என்ற கவலை எனக்குப் புரிகிறது. பெரியவர்களின் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபீன், இந்தக் குழந்தைகளின் உடலில் பாதியாகக் குறையவே நான்கு நாள் அளவுக்கு ஆகும். அது முழுக்க வடிந்த பிறகும் மூச்சு நிற்காமல் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்ப முடியாது.

வீட்டில் காத்திருப்பது பெரும்பாலும் சளிதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கு ஒழுகலோடு போய்விடும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், குறைமாதக் குழந்தைக்கு மூச்சை நிறுத்திவிடும். இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, மூக்கு ஒழுகல்கூட இல்லை. முதலில் வருவதே மூச்சு நிற்பதாக இருக்கலாம். ஃப்ளூ, கொரோனா, சாதாரண ஜலதோஷ வைரஸ்கள் சிலவும் இதைச் செய்யும். பெங்களூருவின் மழை மாதங்களிலும் அதை ஒட்டி வரும் குளிரிலும் இப்படி வரும் குழந்தைகள் கூடுகிறார்கள். விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்: பள்ளிக்குப் போகும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ சளி, அல்லது தொட்டில் போடும் நாளில் வந்த உறவினர் ஒருவருக்கு. ஆர்.எஸ்.வி.க்கென்று தனி மருந்து கொடுத்து விரட்ட முடியாது. ஆக்சிஜன், சிபாப், சில நேரம் வென்டிலேட்டர் என்று தாங்கிப் பிடித்துக் கடக்க வைப்போம். வைரஸா பாக்டீரியாவா என்று தெளிவாகும் வரை ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து போகும்.

கக்குவான் இருமல் அதைவிடக் கொடியது. பெரிய குழந்தைகள் இருமி இருமிக் கூவுவது போல மூச்சை இழுப்பார்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தச் சத்தமே வராது. முகம் சிவந்து, கறுத்து, மூச்சு நின்றுபோகும். தடுப்பூசியின் பாதுகாப்பு காலப்போக்கில் தேய்ந்துவிடுவதால் பெரியவர்களுக்கும் இது வரும். வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமலாக மட்டும் இருக்கும். ஓசூரிலிருந்து வந்த ஒரு பாட்டி அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார். பேரனைத் தூக்கிவைத்திருந்ததே அவர்தான். குழந்தைக்கு மூச்சு நின்றபோது தோஷம் என்று நினைத்து மந்திரிக்கத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வழியில் மறுபடி நிற்கவே இங்கே வந்தார்கள். அவரை நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "ஆயா, உங்களுக்கும் மருந்து வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் வேண்டும்" என்றேன். அசித்ரோமைசின் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டான்.

கக்குவானையும் சேர்த்து ஐந்து நோய்களுக்காகக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பாதுகாப்பு தாயிடமிருந்து வர வேண்டும். கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குப் போடும் டிடாப் ஊசியில் கக்குவானுக்கான பாகம் உண்டு. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும்தான், கக்குவானுக்கு இல்லை. உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். தாயின் எதிர்ப்புச் சக்தி கடைசி மாதங்களில்தான் அதிகமாகக் குழந்தைக்குப் போகிறது என்பதால், முன்னதாகப் பிறந்தவர்களுக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே வீட்டில் இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சளி, இருமல் உள்ளவர் அறைக்குள் வரக் கூடாது. தாய்க்கே சளி என்றால் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பால் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. சாம்பிராணிப் புகை வேண்டாம். உரை மருந்து உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். வாயால் ஊதித் தொக்கம் எடுப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். பால் புகட்டும் பாலாடையைக் கொதிக்கவைத்த பிறகே எடுக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எடை வரட்டும் என்பார்கள். குழந்தை நிலையாக இருந்தால், பிறந்த தேதியிலிருந்து எண்ணி அந்தந்த வாரத்தில் போட்டுவிட வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்த சிலருக்கு முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் மூச்சு நிற்பது கூடலாம். அதனால் இன்னும் மருத்துவமனையில் இருப்பவர்களை ஊசிக்குப் பிறகு 48 மணி நேரமாவது மானிட்டரில் வைத்துப் பார்ப்போம். அது கடந்துபோகும், கக்குவான் அப்படிக் கடந்துபோகாது.

வீட்டில் மூச்சு நின்றால் முதலில் உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள், கழுத்து மடங்காமல் தலையை நேராக வையுங்கள். குலுக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். திரும்பாவிட்டால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். கூட இருப்பவர் 108ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டுக்குப் போகும் முன் பொம்மையை வைத்து எங்களிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அம்மா மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. அப்பாவும் பாட்டியும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூச்சு தானாகத் திரும்பிவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். இதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. வந்து சேரும்போது குழந்தை சிவப்பாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அவசரப் பிரிவில் கூட்டம் இருக்கும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொல்லலாம். அப்போது காய்ச்சல், சளி என்று தொடங்காதீர்கள். முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இது 30 வாரத்தில் பிறந்த குழந்தை, மூச்சு நின்றுபோய் நீலமாகிவிட்டது." உங்கள் குழந்தையின் வாரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டுங்கள். எவ்வளவு நேரம் நின்றது, தொட்டதும் திரும்பியதா, கண் ஒரு பக்கம் நிலைகுத்தியதா, கடைசியாக எப்போது பால் குடித்தது, வீட்டில் யாருக்கு இருமல் என்பதை அடுத்துச் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த செவிலியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்; பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகளில் ஒருவராவது அநேகமாக இருப்பார். ஒரு இரவாவது மானிட்டரில் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.